நாலு மணிக்கு வருகிறவர்

டாக்டரின் அறையில், திவான் என்கிற மெத்தைக் கட்டிலில் படுப்பதற்கு முன்னால் எவரிஸ்தோ பாகெல்லா அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். விரல்களை விரிக்காமல், கை முழுவதும் பதிய, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பழைய பஸ்களில் டிரைவருக்கு வலது பக்கம் தகர மூடிக்குள் இன்ஜின் இருக்கும். வண்டியை எடுக்குமுன் அந்த மூடியின் மேலும் அவர் இப்படித்தான் கை வைப்பார். சூடாக இருந்தால் முந்தின ஷிப்டுக்காரன் இப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறான் என்று அர்த்தம். திவானும் அப்படித்தான் இருந்தது. முதுகு படுகிற இடத்தில் சூடு அதிகம், கால் பக்கம் போகப் போகக் குறைவு. தலையணையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் சின்னதாக ஒரு குழி. யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்.

யார் என்று அவர் பார்த்ததில்லை. பார்க்க முடியாதபடிதான் மனசில் உள்ளதைப் பேசவைத்துக் கேட்கிற டாக்டர் பெர்லா ஷெய்மன் ஏற்பாடு செய்திருந்தார். வருகிறவர்கள் முன்பக்க லிஃப்டில் ஏறி வருவார்கள். போகிறவர்கள் சமையலறையைத் தாண்டி, அந்தக் காலத்தில் வேலைக்காரர்களுக்கென்று கட்டிய பின்பக்க லிஃப்டில் இறங்கிப் போவார்கள். அழுதுவிட்டுப் போகிறவரும் அழ வருகிறவரும் முகத்தோடு முகம் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக. இரண்டு லிஃப்டும் கடைசியில் ஒரே நடைபாதையில்தான் கொண்டுபோய் விடும். அந்த நடைபாதையைத்தான் எவரிஸ்தோவால் மறக்க முடியவில்லை.

புவனெஸ் அயர்ஸின் தெற்குக் கோடியிலிருந்து பலெர்மோ பேட்டை வரைக்கும் போகிற தடத்தில் இருபது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். கனத்த உடம்பு, குள்ளம், மீசையை மட்டும் மெல்லியதாகக் கத்தரித்து வைத்திருப்பார். ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை, மழை விட்டுத் தெரு பளபளத்துக்கொண்டிருந்த சாயங்காலம், ஐந்து மணிக்குச் சற்று முன்னால், பலெர்மோவில் ஒரு முனையில் ஒரு பெண்மணி நடைபாதையிலிருந்து தெருவில் கால் வைத்தார். வைத்த காலைப் பார்க்கவில்லை, வருகிற பஸ்ஸைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, மேலே, தனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டே வைத்தார். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எவரிஸ்தோ கடைசியாகப் பார்த்தது அதைத்தான். பிரேக்கை மிதித்தார். ஈரத் தெரு கேட்கவில்லை.

பெயர் எதெல்வினா கொர்தேரோ, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். பயணிகள் எல்லோரும் டிரைவருக்காகத்தான் சாட்சி சொன்னார்கள். நீதிபதி, உங்கள் மேல் குற்றமில்லை, போகலாம் என்றார். எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் எவரிஸ்தோ ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கினார். அது பெடலுக்குப் போகவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிவிட்டார். டிப்போவில் பஸ் கழுவுகிற வேலையைக் கொடுத்தார்கள்.

"டேய் குண்டா, முதுகு தேய்ச்சுவிட்டே பஸ்ஸக் காதலிச்சிரப் போற, பாத்து" என்பான் நேரக் கண்காணிப்பாளன் லூச்சோ. "கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாம விட்றாத."

எவரிஸ்தோ சிரிப்பார். சிரித்துவிட்டு அதே பஸ்ஸின் முன்பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்.

தொழிற்சங்க ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் தூங்க மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. விடிந்தால் எழுந்து ஷூ கயிற்றைக் கட்ட ஒரு காரணம் வேண்டுமே, அது மாத்திரையில் இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. கம்பி இறங்கிய பிறகும் எல்லோரையும்விட ஓர் அடி உள்ளே தள்ளி அவர் நிற்பதை அவர் மனைவி சுலேமா ஒருநாள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை. மிலனேசா இறைச்சித் துண்டைப் பொரித்துத் தட்டில் வைத்தாள், அவர் சாப்பிடும்வரை காத்திருந்தாள்.

"இந்தா கிழவா, போய் யார்கிட்டயாவது பேசு. எங்கிட்டதான் பேச மாட்டேங்கிற."

"அதெல்லாம் பைத்தியக்காரங்க போற இடம்."

"அப்ப இந்த ஊரே பைத்தியந்தான். என் தங்கச்சி போறா. அவ புருஷன் போறான். அவங்க பிரிஞ்சப்பறம் அவங்க வீட்டு நாயும் தனியா யார்கிட்டயோ போகுதுன்னு நெனைக்கிறேன். நீ மட்டும் என்ன, பெரிய கொம்பனா?"

எங்கள் நகரத்தில் ரொட்டிக்கடையில் வரிசையில் நிற்கிறவர்கள்கூட, "நேத்து என் டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பலெர்மோவில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு டாக்டர் பெயர் போட்ட பித்தளைப் பலகை. எவரிஸ்தோ மட்டும் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த முனைக்குப் போய், பெட்டிக்கடையின் துணிக்கூரைக்குக் கீழே நின்றார். அந்தம்மா ஏன் திரும்பிப் பார்த்தார்? அதைத் தெரிந்துகொண்டால் தான் உயிரோடு இருக்கலாமா கூடாதா என்பது தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். யாரிடமும் சொல்லாத எண்ணம். திரும்பிப் பார்த்த திசையில் ஒரு ஆறு மாடிக் கட்டடம். பழையது, இரும்புக் கதவு. எங்கள் ஊருக்குக் குளிர்காலமான ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை குளிர் தாங்க முடியாமல் அதன் வாசலில் ஒதுங்கினார். அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பெயர்கள். படிக்காமலே ஒன்றை அமுக்கினார்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"பேசணும்" என்றார் எவரிஸ்தோ.

கதவு திறந்துகொண்டது.

பெர்லா ஷெய்மனுக்கு எழுபது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எவரிஸ்தோ எல்லாவற்றையும் சொன்னார். மழை, பிரேக், சிரிப்பு. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எந்த முனை?"

"இதோ, இங்கதான். இந்த ஜன்னலுக்கு நேர் கீழ."

ஜன்னலின் மரச் சுருள்கதவு அடிவரை இறக்கியிருந்தது. பகலிலேயே மேசை விளக்கு எரிந்தது. டாக்டர் கண்ணாடி துடைத்த துணியை மடித்து மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு வேற ஒரு நல்ல டாக்டரைச் சொல்றேன், எவரிஸ்தோ. எனக்கு ரொம்ப நாளாத் தெரிஞ்சவர்."

"ஏன், எங்கிட்ட என்ன குத்தம்?"

"உங்ககிட்ட குத்தம் இல்ல."

"அப்ப நான் வேற எங்கயும் போகல, டாக்டரம்மா. நான் அமுக்கின மணி இது. திறந்தவங்க நீங்க. இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்ல என்னால முடியாது."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "புதன்கிழமை, அஞ்சு மணி" என்றார் கடைசியில். "அது உங்க நேரம். நீங்க வந்தாலும் உங்களோடது, வராட்டியும் உங்களோடது. வராத அன்னிக்கும் நான் இங்க உக்காந்திருப்பேன். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். எவரிஸ்தோவுக்கு அது யாரும் கொடுக்காத ஒரு பொருளைக் கையில் வைத்த மாதிரி இருந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு நாற்காலியிலிருந்து திவானுக்கு மாறினார். அப்போதுதான் அந்தச் சூடு. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அதைத் தேட ஆரம்பித்தது கை. அறையைச் சூடாக்குகிற கொதிகலன் பழுதாகி அறை பனிக்கட்டியாக இருந்த ஒரு நாளில்கூடத் திவான் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. தலையணைத் துணியில் கன்னம் படுகிற இடம் சில நாட்களில் ஈரமாக இருக்கும். தொட்டுவிட்டு விரலைப் பார்ப்பார். கண்ணீர்தான்.

கூடத்தில் கோட்டு மாட்டுகிற இடத்தில் ஒரு பச்சைக் குடை தொங்கும். மழை பெய்தாலும் தொங்கும், வெயில் அடித்தாலும் தொங்கும். அடையாளம் வைத்துப் பார்த்ததில், மடிப்புக்கூட மாறவில்லை. குடையை வைத்தவர் இன்னும் வெளியே போகவில்லை என்பதுபோல அது அங்கேயே இருந்தது.

"டாக்டரம்மா, எனக்கு முன்னால வர்றவங்க யாரு?"

தலைக்குப் பின்னால் டாக்டரின் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. "யாரா இருக்கும்னு உங்களுக்குத் தோணுது?"

"அதத் தெரிஞ்சா நான் ஏன் கேக்கிறேன்? கேள்வி கேட்டா கேள்வியத் திருப்பிக் குடுக்கறதுக்கா இந்தப் படிப்பு படிச்சீங்க?"

பிறகு எவரிஸ்தோவே சொன்னார்: "பொம்பளதான். ஒல்லி. குழி ரொம்ப ஆழமா விழல. நிறைய அழறாங்க. நீங்க அவங்கள நல்லாப் பாத்துக்கணும்."

"நீங்க பாத்துக்க நினைக்கிறீங்களா?"

"என்னால என்ன முடியும்? எனக்குப் படுக்கையைச் சூடு பண்ணி வெச்சிட்டுப் போறாங்க. அதுக்கு ஒரு நன்றி சொல்லணும், அவ்வளவுதான்."

வீட்டில் சுலேமாவிடம் சொன்னபோது அவள் மாத்தே பானத்தை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "வாரா வாரம் சட்டை தேய்ச்சுப் போட்டுட்டுப் போறியேன்னு பாத்தேன். எவளோ படுத்த படுக்கையத் தடவிப் பாக்கத்தானா?" என்றாள். திட்டினாளே ஒழிய அவளுக்குச் சந்தோஷம்தான். ஏனென்றால் அவர் சட்டை தேய்த்துப் போட்டுக்கொள்கிறார். புதன்கிழமை விடிந்தால் ஷூ கயிற்றைக் கட்டுகிறார். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு தொங்கின. தன்னைவிடக் கஷ்டத்தில் இருக்கும் யாரோ ஒருவர் தனக்கு முன்னால் வந்து படுத்துவிட்டுப் போகிறார் என்பதே அவருக்கு ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. இந்த வாரமும் வந்தாரா, சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய வேலை.

ஜனவரி மாதக் கடைசிப் புதனன்று அவர் நாலு மணிக்கு முன்பே போனார். அந்தம்மாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பேச வேண்டாம், போகிறதைப் பார்த்தால் போதும். பெட்டிக்கடைக்கு எதிரே நின்றார். அங்கிருந்து முன்வாசலும் தெரியும், வேலைக்காரர் வாசலும் தெரியும். கோடை வெயில் கொளுத்தியது. மரத்தில் சில்வண்டு ஓயாமல் கத்தியது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற செலெஸ்தினோ ரப்பர் குழாயால் நடைபாதையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாலு அடித்தது. யாரும் உள்ளே போகவில்லை. ஐந்துக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. யாரும் வெளியே வரவில்லை.

எவரிஸ்தோ தெருவைக் கடந்து வந்தார். "மூணாவது மாடி டாக்டரம்மாகிட்ட நாலு மணிக்கு வர்றவங்க இன்னிக்கு வரலையா?"

செலெஸ்தினோ குழாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "நாலு மணிக்கு யாரும் வர்றதில்லையே, சார்."

"வர்றாங்க. திவான் சூடா இருக்கும்."

"இருக்கும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா மனுஷங்க யாரும் ஏறல. இந்த ரெண்டு கதவையும் தாண்டி எனக்குத் தெரியாம ஒரு பூனை போகாது." தண்ணீர் சாக்கடைக்குள் ஓடுவதை இருவரும் பார்த்தார்கள். "முன்னெல்லாம் ஒரு டீச்சரம்மா வருவாங்க, நாலு மணிக்கு. ரொம்ப வருஷம் வந்தாங்க. பச்சைக் குடை வெச்சிருப்பாங்க. ஜூன் மாசத்தோட நின்னுபோச்சு."

"அவங்க பேரு?"

செலெஸ்தினோ குழாயை மூடினார். சத்தம் நின்றதும் தெருவே நின்ற மாதிரி இருந்தது. "பேரு உங்களுக்குத் தெரியும், சார். நீங்க வாராவாரம் அந்தக் கடைக்குக் கீழ வந்து நிப்பீங்களே, அப்பவே உங்கள எனக்கு அடையாளம் தெரியும். மேல போங்க. உங்க நேரம் ஆச்சு."

லிஃப்ட் மேலே போகப் போக இரும்புக் கம்பிகளுக்கு வெளியே மாடிகள் கீழே இறங்கின. கூடத்தில் பச்சைக் குடை தொங்கியது. அதைத் தொடாமல் சுவரோரமாகப் போனார். திவானில் கை வைத்தார். சூடாக இருந்தது.

படுத்தார். ஆனால் நடுவில் படுக்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு, கீழே விழுந்துவிடுகிற மாதிரி ஓரத்தில், மூச்சைச் சிறிதாக விட்டுக்கொண்டு கிடந்தார்.

"ஏன் ஓரமாப் படுத்திருக்கீங்க?" என்றது பின்னாலிருந்து குரல்.

"சும்மா."

போகும்போது டாக்டர் சொன்னார்: "பிப்ரவரியில நான் இருக்க மாட்டேன். கடற்கரைக்குப் போறேன். மார்ச் முதல் புதன் பாக்கலாம். ஏதாவது அவசரம்னா இந்த நம்பர்ல ஒருத்தர் இருப்பார்." சற்றுத் தயங்கிவிட்டு, "வருவீங்கல்ல?" என்று கேட்டார். அப்படி ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

பிப்ரவரியில் எங்கள் நகரத்து டாக்டர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி கடலுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தெருவில் சுருள்கதவுகள் வரிசையாக இறங்கிவிடும். மனதில் உள்ளதைச் சொல்ல ஆளில்லாமல் ஊர் ஒரு மாதம் வெயிலில் கிடக்கும். எவரிஸ்தோ முதல் புதன் வீட்டிலேயே இருந்தார். ஷூவைக் கட்டவில்லை. அன்று சாயங்காலம் ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். இரண்டாவது புதன் சட்டை தேய்த்துக்கொண்டார்.

"கடைதான் பூட்டியிருக்குமே, எங்க போற?" என்றாள் சுலேமா.

"டாக்டரம்மாதான் ஊர்ல இல்ல. நாலு மணிக்காரங்க இருப்பாங்க" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "போயிட்டு வா. வரணும், தெரியுதா?"

கட்டடத்து வாசலில் அன்று செலெஸ்தினோ இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்த ஒருத்தி அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்டில் ஏறப் பயந்து படியில் ஏறினார். மூன்றாவது மாடி நடையில் விளக்கு அணைந்திருந்தது. மணி நாலைத் தாண்டியிருந்தது. மணியை அமுக்கவில்லை. வழக்கம்போல உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்தார்.

உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

சொற்கள் கேட்கவில்லை. திரைக்கு அப்பால் தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஏற்றமும் இறக்கமும்தான் கேட்டன. பேசுவாள், நிறுத்துவாள், யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோலச் சும்மா இருப்பாள், மறுபடி பேசுவாள். பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. திவானின் ஸ்பிரிங் முனகியது. பிறகு அழுகை.

எவரிஸ்தோ கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். ஓடியிருக்கலாம். படி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் இத்தனை மாதம் ஒருவர் சூட்டில் ஒருவர் படுத்த பிறகு ஓடுவது மரியாதை இல்லை என்று தோன்றியதாம்.

"எதெல்வினா டீச்சர்" என்று கூப்பிட்டார்.

அழுகை நின்றது.

"நான் எவரிஸ்தோ. உங்களுக்கப்புறம் வர்றவன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்கு பஸ்ஸ ஓட்டினது நான்தான்."

உள்ளே வெறுங்கால்கள் தரையில் நடந்து வந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன. அழுது கரகரத்த, தாழ்ந்த குரல் ஒன்று, அவர் காதுக்கு மிக அருகில், மரத்துக்குள்ளிருந்தே வருவதுபோலச் சொன்னது:

"தெரியும்."

எவரிஸ்தோ திரும்பவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் திரும்பிப் பாத்தீங்க, டீச்சர்? ஒரே ஒரு நிமிஷம் முன்னால பாத்திருந்தா... நான் ஹார்ன் அடிச்சேன். அடிச்சேனா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும். என்னாலயா?"

கீழே எங்கோ ஒரு மோட்டார் ஓடி நின்றது.

"உங்களால இல்ல" என்றது குரல். "கூப்பிட்ட குரலால."

"யாரு கூப்பிட்டாங்க?"

மறுபடி அழுகை, இப்போது கதவோரம், தரைக்குப் பக்கத்தில். அந்தப் பக்கமும் கதவில் முதுகைச் சாய்த்து யாரோ உட்கார்ந்துவிட்ட மாதிரி, மரம் லேசாக அசைந்தது. எவரிஸ்தோவுக்குப் பயம் போய் வேறு ஏதோ வந்தது. பஸ்ஸில் தொலைந்துபோன குழந்தை அழுதால் வருமே, அது.

"அழாதீங்க, டீச்சர்" என்றார். "யாரு கூப்பிட்டிருந்தாலும் கெட்டது நெனச்சுக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. நீங்க சிரிச்சீங்க. நான் பாத்தேன். உங்களுக்குப் புடிச்ச ஆளுதான் கூப்பிட்டிருக்கணும். அந்த ஆளு பாவம், இன்னிக்கு எங்க உக்காந்து என்ன நெனச்சிட்டிருக்கோ."

அழுகை மெதுவாகத் தேய்ந்தது. இரண்டு முதுகுக்கும் நடுவில் ஒரு கதவு. ஐந்து அடித்ததும் எவரிஸ்தோ எழுந்து, "என் நேரம் ஆச்சு, வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். முதுகில் கதவு பட்ட இடம் வீடு வரைக்கும் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று மாத்திரை இல்லாமல் தூங்கினார்.

மார்ச் மாதம் முதல் புதனன்று போனார். கடலுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் கறுத்துத் திரும்பியிருந்த ஊரில் டாக்டர் பெர்லா சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தார். கூடத்தில் பச்சைக் குடை இல்லை. ஜன்னலின் சுருள்கதவு ஒரு சாண் உயர்ந்திருந்தது. அந்த இடைவெளியால் வந்த வெயில் தரையில் கோடாக விழுந்திருந்தது. திவானில் கை வைத்தார். சூடு இருந்தது. ஆனால் வேறு சூடு. கால் பக்கம் வரைக்கும் நீண்டிருந்தது. தலையணை உலர்ந்திருந்தது.

"நாலு மணிக்கு இப்ப யாரோ உயரமான ஆளு வர்றாங்க போல" என்றார்.

"ஆமா" என்றார் டாக்டர். கேள்வியைத் திருப்பாமல் அவர் பதில் சொன்ன முதல் தடவை அதுதான்.

"போன மாசம் நான் இங்க வந்தேன், டாக்டரம்மா."

நாற்காலி கிறீச்சிடவில்லை. "யாரையாவது பாத்தீங்களா?"

"பாக்கல. பேசினேன்."

"பேசி?"

எவரிஸ்தோ யோசித்தார். "எனக்கு முன்னால ஒரு கேள்வி இருந்துச்சு, நான் இருக்கணுமா வேணாமான்னு. அதுக்குப் பதில் கெடைக்கல. ஆனா அந்தம்மாவுக்கு என்கிட்ட ஒரு வேலை இருந்துச்சு. அத நான் செஞ்சேன். செஞ்சிட்டு எழுந்து பாத்தா, அந்தக் கேள்வி அங்க இல்ல."

தலைக்குப் பின்னால் டாக்டர் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டார் எவரிஸ்தோ.

குளிர்காலம் வருமுன் அவர் மறுபடி பஸ் எடுத்தார், அதே தடத்தில். "மாப்பிள்ளை வந்துட்டான்" என்று லூச்சோ டிப்போ முழுக்கக் கத்தினான். ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. அந்த முனையில் நிறுத்தம் கிடையாது. ஆனால் எவரிஸ்தோ அங்கே வண்டியை நிறுத்துவார். முன்கதவைத் திறப்பார். யாரும் ஏறவும் மாட்டார்கள், இறங்கவும் மாட்டார்கள். ஒரு மூச்சு நேரம். பிறகு கதவை மூடி, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு எடுப்பார்.

"யாருப்பா ஏறினது, ஆவியா?" என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள். "அதுக்கு டிக்கெட் வாங்கினியா?"

"ஏறல. கடந்து போறாங்க" என்பார் எவரிஸ்தோ. "உனக்கு அவசரம்னா நடந்து போ, தம்பி."

அதோடு, ஓடி வருகிற யாரையும் விட்டுவிட்டு அவர் வண்டி எடுத்ததில்லை. எங்கிருந்தாவது யாராவது யாரையாவது கூப்பிடுகிற சத்தம் கேட்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். இதனால் எப்போதும் தாமதம், எப்போதும் லூச்சோவிடம் திட்டு. ஒன்பது வருடம் அப்படி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றார். சுலேமாவோடு மார் தெல் பிளாத்தாவுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், நாற்காலியிலேயே, தூக்கத்தில் போனார். அவருக்குப் பின் வந்த டிரைவர்களும் அந்த முனையில் ஒரு மூச்சு நேரம் கதவைத் திறக்கிறார்கள். கேட்டால், இந்தத் தடத்தில் அப்படித்தான் என்கிறார்கள்.

அந்த உயரமான ஆள் நான்தான். அந்த மார்ச் மாதத்திலிருந்து டாக்டரின் நாலு மணி எனக்குக் கிடைத்தது. எனக்குப் பின்னால் வருகிறவரை நானும் பார்த்ததில்லை. வருடங்கள் கழித்து, ஒரு பஸ்ஸில், காலியான முனையில் கதவைத் திறந்த டிரைவரிடம் ஏன் என்று கேட்கப் போய்த்தான் பழக்கம் ஆயிற்று. எவரிஸ்தோ எனக்குச் சொன்னதைத்தான் இதுவரை எழுதினேன். கதவுக்குப் பின்னால் பேசியது எதெல்வினா டீச்சர்தான் என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் இல்லை.

டாக்டர் பெர்லா இறந்தபின் வீட்டைக் காலி செய்தபோது நானும் உதவிக்குப் போயிருந்தேன். திவானை லிஃப்டில் இறக்க முடியாமல் படி வழியாகத் தூக்கி வந்தோம். கீழே நடைபாதையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கும்போது செலெஸ்தினோ சொன்னார். அந்த வருடம் பிப்ரவரியில் டாக்டர் எங்கும் போகவில்லை. ரொட்டியும் பாலும் செலெஸ்தினோதான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் இறந்த பிறகு மார்ச் வரைக்கும் புதன்கிழமை நாலு மணியை டாக்டர் யாருக்கும் தரவில்லை, அது அவங்களோட நேரம் என்பாராம். அந்த நேரம் முழுக்கத் தானே திவானில் படுத்துக் கிடப்பாராம்.

பிறகு செலெஸ்தினோ மேலே பார்த்தார், மூன்றாவது மாடி ஜன்னலை. அந்த ஜூன் மாதத்துப் புதனன்று அவர் இதே இடத்தில் நின்று மழையில் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். மழை விட்டிருந்ததால் டீச்சர் குடையை மேலேயே மறந்துவிட்டு இறங்கிப் போனார். அந்த ஜன்னலைத் திறந்து, பச்சைக் குடையை வெளியே நீட்டி ஆட்டி, "எதெல்வினா!" என்று கூப்பிட்டது டாக்டர் பெர்லா.